காலண்டரில் ஒட்டிய சீட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் டி.என்.ஏ. மெத்திலேற்றம் பற்றி வகுப்பெடுத்தேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கேசரி ஆறிக்கொண்டிருக்க, அரை மணி நேரம் எடுத்தேன்.

நானும் அக்காவும் ஒரே கருவில் உருவான இரட்டையர். அவள் எட்டு நிமிடம் மூத்தவள். அந்த எட்டு நிமிடத்தை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க என்னை அதிகாரம் பண்ணினாள். எங்கள் ஊர் ஆமத்தூருக்குப் பக்கம். பிளஸ் டூ முடித்ததும் ஒருத்தியைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்று அப்பா சொல்லிவிட்டார். கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் பெயர் வந்தது. நான் விருதுநகருக்குப் பஸ் ஏறி விலங்கியல் படித்தேன். அவள் கம்பெனி வேனில் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போனாள். நான் எம்.எஸ்ஸி. முடிக்கும் சமயம், அவள் கழுத்திலும் முழங்கையிலும் வெண்புள்ளி வந்தது.

அது தொற்றாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு வந்த வரன்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு நழுவின. "ஒரே முட்டைங்கீக. அவளுக்கு வந்தது இவளுக்கும் வரும்ல?" இரண்டு இடம் இப்படிக் கலைந்தது. மூன்றாவது, சாத்தூரிலிருந்து ஒரு தரகர் கொண்டுவந்த இடம். இதையும் விட்டால் வேறு இடம் அமையாது என்று அம்மா புலம்பித் தள்ளினாள். அந்தத் தரகர் அக்காவைப் பார்த்ததில்லை. அவள் ஆனைக்குட்டத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்று அவரிடம் அம்மா அளந்துவிட்டாள். பெண் பார்க்க ஒரு புதன்கிழமை மதியத்தைக் குறித்தார்கள். சீசன் வேலை, ஆறு மணிக்கு முன்னால் வேன் வராது. எல்லாம் பக்காவாகத் திட்டமிட்டிருந்தோம். நானும் அதற்குச் சம்மதித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்தவர்களில் பேசியதெல்லாம் மாப்பிள்ளையின் தாய்மாமன்தான். உட்கார்ந்ததும் அதே கேள்வி. நான் தயாராக இருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் டி.என்.ஏ. ஒண்ணுதான்" என்று ஆரம்பித்தேன். "ஆனா டி.என்.ஏ.ல எழுதியிருக்க எல்லாத்தையும் உடம்பு வாசிக்காது."

மாமன் காபியைக் கீழே வைத்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினேன். அப்பாவுக்குச் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை. போன சீசனில் அங்கே ஒரு கூத்து நடந்தது. ஆமத்தூர் உரக்கடை ஆர்டருக்கு, சாத்தூர் சேவுக்கடை பெயரை அடித்துவிட்டார்கள். அத்தனை காலண்டரையும் யார் தூக்கிப் போடுவது? உரக்கடை பெயரைச் சின்னச் சீட்டாக அடித்து மேலே ஒட்டினார்கள். கட்டுக் கட்டாக வீட்டுக்கு வந்த அந்த வேலையை நானும் அக்காவும்தான் செய்தோம். பசை தடவுவது அவள், ஒட்டுவது நான்.

"அடியில அச்சடிச்சது அப்படியேதான் இருக்கு. மேல சீட்டு ஒட்டிட்டதால யாரும் அதைப் படிக்கிறதில்ல. டி.என்.ஏ.லயும் அப்படித்தான். சைட்டோசின்னு ஒரு எழுத்து இருக்கு. ஜீன் தொடங்குற இடத்துல அந்த எழுத்துங்க மேல மெத்தில்னு ஒரு துணுக்கு வரிசையா ஒட்டிக்கிட்டா, பெரும்பாலும் அந்த ஜீன் வேலை செய்யாது. செல்லு ரெண்டாப் பிரியும்போது அந்த ஒட்டும் சேர்ந்தே நகலாகும். கண்ணுக்கும் ஈரலுக்கும் டி.என்.ஏ. ஒண்ணுதான், ஆனா ஒட்டு வேற வேற. இரட்டைப் பிள்ளைகளுக்கும் வயசு ஆக ஆக, வேலை, சாப்பாடுன்னு ஒவ்வொண்ணும் மாற மாற, ஒட்டு விழுற இடம் மாறும். அவளுக்குத் திறந்தது எனக்கு மூடியிருக்கும்."

இதுவரை சொன்னது பாடம். கடைசி வரி மட்டும் என் சரக்கு. வெண்புள்ளி இதனால்தான் வருகிறது என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. அவளைப் பழுதான பிரதியாக்கி என்னை நல்ல பிரதியாக்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மாமன் எழுந்து காலண்டர் பக்கம் போனார். நகத்தால் சீட்டின் ஓரத்தைச் சுரண்டினார். சர்ரென்று உரித்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"சாத்தூர் சேவுக்கடை. சுத்தமான கடலை எண்ணெயில் செய்தது." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உரிச்சா வெளிய வந்துருதே தாயி?"

ஒட்டு விலகுவதும் உண்டு. பாடத்தில் அதுவும் இருக்கிறது, நான்தான் விட்டிருந்தேன். அப்போது வெளியே இடி இடித்தது. அம்மாவின் முகம் செத்துப்போனது. மின்னல் அடித்தால் பட்டாசு ஆலையில் வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிடுவார்கள். நாங்கள் நல்ல நேரம் பார்த்தோமே தவிர வானத்தைப் பார்க்கவில்லை.

கேசரி முடிவதற்குள் வேன் வந்து நின்றது. அக்கா உள்ளே வந்தாள். அவளுக்கு வெடிமருந்துக் கலவை அறையில் வேலை. அவசரத்தில் முகம்கூடக் கழுவாமல் வந்திருந்தாள். தலை, முகம், கழுத்து, கை எல்லாம் அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாக மின்னியது. திட்டு எது, தோல் எது என்று தெரியவில்லை. என் முகமே வெள்ளி முலாம் பூசிக்கொண்டு வாசலில் நின்ற மாதிரி இருந்தது.

"இது யாரு?" என்றார் மாமன்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை" என்றாள் அம்மா.

அக்கா என்னைப் பார்த்தாள். அரை மணி நேரம் ஓயாமல் பேசிய வாய் அப்போது திறக்கவில்லை. எனக்கு இந்த இடம் அமைய வேண்டும் என்றிருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

"ஆமா, தண்ணி குடிக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, சொந்த வீட்டுப் பானையில் ஒரு செம்பு மொண்டு குடித்தாள். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

அவர்கள் போன பிறகு வந்து குளித்தாள். பொடி கழுவிப் போனதும் திட்டுகள் தெரிந்தன. தலையைத் துவட்டிக்கொண்டே, "எல்லாத்தையும் அம்மா சொன்னாடி, நல்லாத்தான் சொல்லிருக்கே" என்றாள். "அந்த ஒட்டை யாரு ஒட்டுதா?"

அதை ஒட்டும் நொதியின் பெயர் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தரகர் வந்தார். வாயெல்லாம் பல்.

"கலந்து பேசிட்டாக. தண்ணி குடிக்க வந்துச்சே பக்கத்து வீட்டுப் பிள்ளை, அதைத்தான் மாப்பிள்ளைக்குப் புடிச்சிருக்காம். மூக்கும் முழியும் உங்க பிள்ளை மாதிரியே இருக்கு, ஆனா இரட்டை இல்லைல்ல? அந்தப் பயம் கிடையாதுங்காக. பேச்சும் கம்மி. அது எந்த வீடும்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு நாள் பிந்தி எனக்கு வாய் வந்தது.

"அது பக்கத்து வீடு இல்ல. அது என் அக்கா."

உள்ளே தூக்குவாளியில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அதை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. தரகர் அவள் கழுத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அக்காவா? அவதான் ஆனைக்குட்டத்துல சித்தி வீட்டுல இருக்காளே" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "நீங்க பக்கத்து வீட்டுல போய்க் கேளுங்க."