ட்வெய்ட்டா இறக்கத்தில் பிரேக் பிடிக்காத காலை

தை மாதக் கடைசியில் என் மனைவி பிலோமினாவை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமாகி அல்ல. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி. அந்த வைத்தியப் பெண்மணி எங்கள் இருவருடைய கைகளையும் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். பிலோமினா அழவில்லை. நொர்வேஜிய மொழியில் அவருக்கு நன்றி சொன்னாள். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அன்றோடு எனக்குச் செபம் நின்றுபோனது. சிறு வயது முதல் செபமாலை சொல்லாமல் படுத்ததில்லை. இப்போது மாலையைக் கையில் எடுத்தால் வாய் திறக்காது. அவள் கட்டிலில் இருந்தபடி முணுமுணுப்பாள். நான் பக்கத்தில் கல்லைப் போல இருப்பேன்.

எங்களிடம் ஒரு பழைய வான் இருந்தது. சக்கர நாற்காலியோடு அவளை ஏற்றுவதற்குப் பின்னால் சாய்தளம் பூட்டியிருந்தேன். வலி குறைக்கும் சிகிச்சைக்கு அதில்தான் போய்வருவோம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பிரேக் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைக் கவனித்து, ஒரு திருத்தகத்தில் காட்டினேன். தேய்ந்திருந்த பிரேக் கட்டைகளை மாற்றினார்கள். பிரேக் ஒயில் எங்கும் ஒழுகவில்லை என்றார்கள். சில நாட்கள் நன்றாகத்தான் ஓடியது.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு மறுநாள் காலை. ட்வெய்ட்டாவில் எங்கள் குடியிருப்பிலிருந்து இறங்கும் வீதி. பிலோமினா பின்னால் இருந்தாள். கீழே, மஞ்சள் அங்கி போட்ட பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்தபடி வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையோடு போய் ஒட்டியது. திரும்பத் திரும்ப மிதித்தேன். ஒன்றுமில்லை. கியரைக் குறைத்தேன். ஹான்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஒரேயடியாக இழுத்தால் பனியில் சுழன்றுவிடும். ஹோர்னை அழுத்திக்கொண்டே இருந்தேன். வான் நிற்கவில்லை.

அப்போதுதான் என் வாய் திறந்தது.

"ஆண்டவரே, இப்பிடி வேண்டாம்! இவளை இப்பிடி எடுக்காதையும்! அந்தப் பிள்ளையளைக் காப்பாத்தும்!"

வீதியோரப் பேருந்து நிறுத்தத்தில் பனி குவிந்து கிடந்தது. மற்ற நாட்களில் அந்நேரம் அதை அள்ளித் துப்புரவாக்கியிருப்பார்கள். அன்று அள்ளவில்லை. அதற்குள் திருப்பினேன். வானின் மூக்கு பனிக்குள் புதைந்து நின்றது. ஒரு பிள்ளை எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனது.

பின்னாலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. "என்னப்பா, காயமோ?"

"இல்லை. உமக்கு?"

"எனக்கு ஒண்டுமில்லை. நீங்கள் கத்தினது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்."

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் அல்ல. அவள் பார்க்க அழுதேன்.

வானைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றேன். அவள் விடவில்லை.

"குருத்தோலை ஞாயிறு எங்கடை தமிழ்ப் பூசைக்கு நான் போகவேணும். அம்புலன்சிலை போய் இறங்கமாட்டன். இதைத் திருத்துங்கோ."

ஸ்ட்ரோம்மன் பக்கம் சொந்தமாகத் திருத்தகம் நடத்தும் சேவியரிடம் வானை இழுத்துக்கொண்டு போனேன். மன்னார்க்காரர், என்னைவிட இளையவர். குழாய்களையெல்லாம் துடைத்துத் தடவிப் பார்த்தார்.

"வெளியிலை ஒரு துளியும் இல்லை, அண்ணை. ஆனா ஒயில் குறைஞ்சிருக்கு. எங்கையோ போகுது."

நான்கு சில்லுகளுக்கும் போகும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நசித்து அடைத்துவிட்டு என்னை மிதிக்கச் சொன்னார். எதை அடைத்தாலும் பெடல் இறங்கியது. சில்லுகளில் பிழையில்லை என்று தெரிந்தது. பிறகு பெடலின் தள்ளலை வாங்கி ஒயிலை அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார். அதற்குப் பின்னால், மிதிக்கு வலுச் சேர்க்கும் பெரிய வட்டப் பெட்டிக்குள் ஒயில் தேங்கி நின்றது.

"இஞ்சை பாருங்கோ. உள்ளை இருக்கிற ரப்பர் வளையம் தேஞ்சுபோச்சு. உள்ளாலை ஒழுகி உள்ளையே நிக்குது. அதுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை."

சிலிண்டர், பெட்டி இரண்டையும் புதிதாகப் பூட்டினார். குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தது. நான் பெடலில் காலை வைத்துக்கொண்டு இருந்தேன். சேவியர் கீழே படுத்திருந்து குரல் கொடுத்தார். "மிதியுங்கோ... பிடியுங்கோ... இப்ப விடுங்கோ." ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அருள்நிறை மரியே செபம் எனக்குள் ஓடியதை நான் பிறகுதான் உணர்ந்தேன். பெடல் மெல்ல மெல்லக் காலுக்குக் கெட்டியானது. அன்று நான் அவளுக்குச் சுகம் கேட்கவில்லை. பூசைக்குக் கொண்டுபோய், பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவர உதவும் என்று மட்டும் கேட்டேன்.

அந்தச் செபத்தை ஆண்டவர் கேட்டார். குருத்தோலை ஞாயிறு எங்கள் மகள் அனிதா பேர்கனிலிருந்து வந்திருந்தாள். அதே இறக்கத்தில் நான் பிரேக்கைத் தொட்டதும் வான் சொன்ன சொல் கேட்டது. கோவிலில் பிலோமினாவுக்கு ஓலையைத் தூக்கிப் பிடிக்கப் பலமில்லை. அனிதா தாயின் கையைத் தன் கைக்குள் வைத்து உயர்த்தினாள். சனம் வரிசையில் வந்து அவளை முத்தமிட்டுப் போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிலோமினா பாடினாள். மூச்சு வாங்க வாங்கப் பாடினாள்.

பெரிய வியாழன் மத்தியானம், வெயில் கட்டிலில் விழுந்திருந்த நேரம், அனிதா ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் இருக்க பிலோமினா போய்விட்டாள். வீதியில் அல்ல. இரும்புக்குள் நசிந்து அல்ல. தன் கட்டிலில்.

சகோதரர்களே, என் முதல் செபம், அவள் பிழைக்க வேண்டும் என்பது. அது கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய தேநீர்க் கோப்பையை இன்னும் எடுத்து வைக்கவில்லை. ஆனாலும் அந்த இறக்கத்தில் எங்களைப் பிடித்து நிறுத்தியவரை நான் மறுக்கமாட்டேன். அவர் தந்த அந்த ஒரு தவக்காலத்துக்கு என்றும் நன்றி சொல்வேன்.

இப்போது ஞாயிறுகளில், நடக்க இயலாதவர்களை அந்த வானில் பூசைக்கு ஏற்றிச் செல்கிறேன். போன கிழமை ஏறிய ஒரு வயதான அம்மா கேட்டார். "தம்பி, உமக்கு ஆண்டவரிலை கோவம் இல்லையோ?"

"இருக்கு, அம்மா. அதையும் அவரோடைதான் கதைக்கிறன்," என்றேன்.

உங்களில் யாருக்காவது வாய் அடைத்துப் போயிருந்தால், அழகான செபம் வரும்வரை காத்திருக்காதீர்கள். கத்துங்கள். அவருக்குக் கேட்கும்.