கையுறை போட்ட நாள்

அடுக்குமாடிகளில் எல்லோருக்கும் அவள் சீப்பக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டி, முடி சீவி, நகம் வெட்டிவிடுவது அவள் வேலை. அதற்கு முன் பதினோரு வருஷம் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் விரலிடுக்குகள் வெடித்தன. நாய்கள் சாயம் கேட்பதில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இல்லை.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கதவைப் பூட்டி நாலு படி இறங்குவாள், திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடினோமா, இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா. அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். ஒருநாளாவது திறந்து போட்டுவிட்டு வா, பாவம் பூட்டு எத்தனை நாள்தான் இழுபடும் என்பார். அவள் பயந்தது எதுவும் இதுவரை நடந்ததில்லை. அதனாலேயே அவள் பயத்தை யாரும், அவளே கூட, பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

விரல்களை மட்டும் அவள் சந்தேகப்பட்டது கிடையாது.

புதன்கிழமை காலை ஒரே கட்டடத்தில் இரண்டு வீடுகள். மூன்றாம் மாடியில் அக்கா, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. முதல் மாடியில் அவளுடைய தங்கை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருவரும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி ராத்திரி யார் தூங்கிவிட்டது என்பதில் வந்த சண்டை. சீப்பக்கா இரண்டு பேர் சொன்னதையும் கேட்டிருக்கிறாள். இரண்டிலும் தூங்கியது மற்றவள்தான்.

பேச்சு நிற்பதற்கு முன்னால் இருவரும் சேர்ந்து போய் வாங்கிய டெரியர் குட்டிகள் இவை. ஒரே தாயின் குட்டிகள். வெள்ளை உடம்பு, பழுப்புக் காது, கிழவன் தாடி. அக்காவுடையது திருகாணி, தங்கையுடையது பம்பரம். கண்ணால் பிரிப்பது கஷ்டம். ஆனால் பம்பரத்துக்கு குட்டியிலேயே யாரோ முடி வெட்டும் மெஷின் போட்டுவிட்டார்கள். இந்தச் சாதிக்கு மெஷின் ஆகாது, பழைய முடியை விரலால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். மெஷின் பட்டதிலிருந்து பம்பரத்தின் முடி பஞ்சாகிவிட்டது. திருகாணியின் முடி இன்னும் துடைப்பக் கம்பி. சீப்பக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

திருகாணிக்கு வலிப்பு உண்டு. மூன்று வேளையும் மாத்திரை. மற்ற நாட்களில் அக்கா மதியம் ஓடிவந்து கொடுத்துவிட்டு ஓடுவாள். புதன் ஒரு நாள்தான் அலுவலகத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவாள். அன்றைக்கு சீப்பக்கா அவித்த முட்டைக்குள் வைத்து ஊட்டிவிட வேண்டும். இரண்டு வீட்டுச் சாவியும் அவளிடம் இருந்தன.

அந்தப் புதன் விரலிடுக்கு மறுபடி வெடித்திருந்தது. ஒரு வாரம் ரப்பர் கையுறை போடச் சொல்லியிருந்தார் டாக்டர். குளியல் மட்டும்தானே என்று போட்டுக்கொண்டாள். கீழ்த்தளத்துக் குளியலறையில் இரண்டையும் நிறுத்தி, கழுத்துக்கு உண்ணிப் பொடி போடுவதற்காகக் கழுத்துப் பட்டைகளைக் கழற்றிக் குழாய்களில் மாட்டினாள். சிவப்பு திருகாணிக்கு, நீலம் பம்பரத்துக்கு. அப்போது சாக்கடை ஓட்டையிலிருந்து ஒரு எலி தலையை நீட்டியது. அதற்குப் பிறகு யார் சொன்னால் இதுகள் கேட்கும். வாளி உருண்டது, நுரையோடு இரண்டும் வாசலைத் தாண்டி மோட்டார் அறைக்குப் பின்னால் ஓடின. எலி தப்பித்தது. சேற்றோடு பிடித்து இழுத்துவந்து, மறுபடி அலசி, துடைத்து, பட்டைகளை மாட்டி, அவரவர் வீட்டில் விட்டு, சிவப்புப் பட்டைக்கு மதிய மாத்திரையை ஊட்டிப் பூட்டினாள். பூட்டை இழுத்தும் பார்த்தாள்.

மூன்றரை மணிக்கு வேறொரு வீட்டில், நீள முடி வைத்த சின்ன நாய் ஒன்றுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கையுறை கிழிந்ததால் கழற்றிப் போட்டாள். வெறும் விரல் முடிக்குள் போனது. காலையிலிருந்து அப்போதுதான் ஒரு நாயைத் தொட்டாள்.

சீப்பு நின்றது. பட்டையை மாட்டும்போது எதை வைத்து மாட்டினோம் என்று யோசித்தாள். முதலில் கையில் கிடைத்த நாய்க்குக் கிட்டே இருந்த குழாயில் தொங்கிய பட்டை. அவ்வளவுதான். அக்கா வீட்டில் நரைத்த பூனை ஒன்று திருகாணியின் வயிற்றில்தான் படுக்கும். இன்றைக்குக் கதவைத் திறந்ததும் அது ஃப்ரிட்ஜ் மேல் ஏறிச் சீறியது. சோப்பு வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

வீட்டுக்கார அம்மாவிடம் அரை மணியில் வருகிறேன் என்றாள். ஒரு பக்கம் சீவி ஒரு பக்கம் சிக்காக இருந்த நாயை அந்த அம்மா தூக்கிக் காட்டி, இப்படியே விட்டுட்டுப் போனா இதை யார் பார்ப்பாங்க என்றார். சீப்பக்கா அதற்குள் படியில் இருந்தாள்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து கணவரைக் கூப்பிட்டாள். அவர் டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி, வழக்கம்போல வெறும் பயமாகத்தான் இருக்கும் இல்லையா என்று கேட்டாள்.

"பூட்டு மாதிரிதான் இதுவும். போய் இழுத்துப் பார்த்துட்டு வா. வேற என்ன பண்ணப் போற?"

அக்கா வருவது நாலே முக்காலுக்கு. அதற்குள் போய்விட்டால் நாயை மாற்றி, மாத்திரையைக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பேருந்தில் இடம் இருந்தும் கதவருகே நின்றாள். இரண்டு சாவியும் உள்ளங்கையில் அச்சுப் பதித்திருந்தன. ஒரு சிக்னலில் பேருந்து மூன்று தடவை சிவப்பைப் பார்த்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தாள். பிறகு ஓடினாள்.

முதல் மாடியைத் திறந்தாள். நீலப் பட்டை போட்ட நாய் எழுந்து வந்தது. குனிந்து முதுகில் கை வைத்தாள். துடைப்பக் கம்பி.

அதன் இடது பின்னங்கால் தரையில் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

மணி நாலு ஐம்பது. மாத்திரை மூன்றாம் மாடிச் சமையலறையில். மேலே அக்காவின் செருப்பு வாசலில் கிடந்தது. சீப்பக்கா மணியை அழுத்தினாள். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"நாயை மாத்தி விட்டுட்டேன். உங்களுது கீழ இருக்கு. மாத்திரை இவனுக்குக் கொடுத்துட்டேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். சோபாவுக்குக் கீழே சிவப்புப் பட்டையோடு பம்பரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. பூனை இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான். அக்கா மாத்திரையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிப் படியிறங்கினாள். முதல் மாடி வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

வலிப்பு வந்தது. பெரிதாக இல்லை. அக்கா தங்கை வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, நாய் தலையை இடித்துக்கொள்ளாமல் இருக்க தன் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தாள். அடங்கிய பிறகு, தலை நிமிர்ந்ததும், மாத்திரையை உள்ளே தள்ளினாள். சீப்பக்கா அந்த நேரம் முழுவதும் கடிகாரத்துக்கும் நாய்க்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். அக்கா சொல்லித்தான் நின்றாள்.

ஐந்தரைக்குத் தங்கை வந்தாள். வாசல் திறந்திருந்தது. உள்ளே இரண்டு வருஷமாகப் பேசாத அக்கா, மடியில் நாயின் தலை. சீப்பக்கா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தங்கை கைப்பையை மாட்டியபடியே கேட்டாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வந்திருக்கலாம்" என்றாள் கடைசியில்.

"கழட்ட நேரம் இருந்தா கழட்டியிருக்க மாட்டேனா?"

"என் நாய்?"

"மேல. நல்லாத் தூங்குது. அது உன்னை மாதிரி."

தங்கை ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து அக்கா கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். நாய்க்கா அக்காவுக்கா என்று சொல்லவில்லை. அக்கா விரலை நனைத்து நாயின் வாயைத் துடைத்துவிட்டு மீதியைக் குடித்தாள்.

சீப்பக்கா வளையத்திலிருந்து இரண்டு சாவியையும் கழற்றி மேஜையில் வைத்தாள். தங்கை தன்னுடையதை எடுத்துத் திரும்பக் கொடுத்தாள். அக்கா தன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கோபமில்லை. நான் வீட்ல இருக்கும்போது வாங்க, அவ்வளவுதான்."

அடுத்த புதன் அக்கா அரை நாள் லீவு போட்டாள். சீப்பக்கா கீழே போனபோது அக்கா கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள், கையில் சிவப்புப் பட்டை. கொஞ்ச நேரத்தில் தங்கையும் வந்தாள். லேபில் ஆள் குறைவுதான், இருந்தாலும் வந்தேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவள் கையில் நீலப் பட்டை. சாக்கடை ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

விரலிடுக்கு இன்னும் ஆறவில்லை. கையுறை பையிலேயே இருந்தது. சோப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. சீப்பக்கா துடைத்து முடித்ததும் ஒன்றன் முதுகைத் தடவி, இது திருகாணி என்றாள். மற்றதைத் தடவி, இது பம்பரம். பிறகு இன்னொரு தடவை முதலிலிருந்து தடவினாள்.

"எங்களுக்கும் தெரியும்" என்றார்கள் அக்காவும் தங்கையும், ஒரே நேரத்தில். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

சீப்பக்கா மூன்றாவது தடவையும் தடவிப் பார்த்தாள்.