இருநூறு மஞ்சள் சீட்டு

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த மளிகைக் கடையில் இருபத்தைந்து ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு மஞ்சள் சீட்டு கொடுப்பார்கள். இருநூறு சீட்டு சேர்ந்தால் ஒரு பரிசு. வாழவந்தியில் எங்கள் வீட்டுச் சீட்டுகளையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுக் காக்கும் பொறுப்பு, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என்னுடையது. மூன்று வருஷம் காத்தேன்.

பரிசுகள் கடையில் ஒரு கண்ணாடி பீரோவுக்குள் இருக்கும். பெண்டுலம் ஆடும் சுவர்க் கடிகாரம், குக்கர், பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு மேஜை விசிறி. சித்திரையிலும் போர்வை தேடும் எங்கள் மலையில் அந்த விசிறியை யார் கேட்பார்கள் என்று கடைக்காரர் யோசித்ததாகத் தெரியவில்லை. அப்பாவுக்குக் கடிகாரம் வேண்டும். நேரம் அறிவிக்க ஊதும் எஸ்டேட் சங்கை அவர் நம்புவதில்லை. சாவி கொடுக்கும் வேலை எனக்கு என்று சொல்லியிருந்ததால் நானும் அப்பா கட்சி. அம்மா குக்கர் என்பாள். சித்தி எதையும் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். மிளகுக் கொடி ஏறியிருந்த மரங்களை வெட்டுவதா வேண்டாமா என்பதில் தொடங்கியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒரே அடுப்பு, ஒரே சோறு. ஆனால் பேச்சு மட்டும் என் வழியாகத்தான் போய்வரும். ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு, "நாளைக்குக் காப்பிப் பழம் பறிக்க ஆள் வருதுன்னு உங்க சித்தப்பன்கிட்டச் சொல்லு" என்பார் அப்பா. நான் திரும்பி அதையே சொல்வேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கார்த்திகையில் கடையில் பலகை வைத்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமையோடு பரிசுத் திட்டம் முடிகிறது, அதற்குப் பிறகு சீட்டு செல்லாது. சாயங்காலம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதைச் சத்தமாக அறிவித்தேன்.

"கடியாரத்தை எடுத்துக்கலாம்" என்றார் அப்பா.

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதுல பாதிச் சீட்டு நான் வாங்கியாந்த சாமானுக்குக் குடுத்ததுன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு கண்ணு."

நான் சொல்லத் திரும்புவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். சோற்றுக் கையோடு அலமாரியிலிருந்த டின்னை எடுத்தார். "பாதியும் வேண்டாம், முழுசும் வேண்டாம்" என்று அடுப்பைப் பார்த்து நடந்தார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். டின் நழுவி விழுந்தது. அடுப்பங்கரை முழுக்க மஞ்சளாகச் சிதறியது. சித்தி முழங்காலில் உட்கார்ந்து அவசரமாகப் பொறுக்கினாள். தணலுக்குள் விழுந்த ஒன்றை வெறும் விரலால் எடுத்தாள்.

அப்பா முன்வாசல் வழியாகப் போனார். சித்தப்பா பின்வாசல் வழியாகப் போனார். நாங்கள் மூவரும் எண்ணினோம். இருநூறும் இருந்தது. ஆனால் கடைசிச் சீட்டில் பாதி கருகியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஆண்களிடம் சொல்லாமல் அம்மா எங்களைக் கிளப்பினாள். சித்தியின் விரல்களில் துணி சுற்றியிருந்தது. பஸ்ஸில் அம்மாவும் சித்தியும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் டின்னை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தேன். கருகிய சீட்டைக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

அவர் நிதானமாக எண்ணினார். கருகியது வந்ததும் நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்னங்கம்மா இது?"

"அடுப்புல விழுந்துருச்சுங்க" என்றாள் அம்மா.

அவர் சித்தியின் விரல்களைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார். "முத்திரை தெரியுது, போவுது உடுங்க. என்ன எடுக்கட்டும்?"

அம்மா குக்கரைக் காட்டினாள். அவர் அதை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார். நான் அழத் தயாரானேன். அம்மா அதன் மூடிமேல் கையை வைத்தாள்.

"அக்கா" என்றாள் சித்தி. அன்று முழுவதும் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "குக்கரு ஒன்னுதானுங்களே."

"ஒன்னு போதாதா?"

"டம்ளர்னா பன்னெண்டு இருக்குதுங்கக்கா."

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கை மூடியின் மேலேயே இருந்தது. வெளியே எங்கள் ஊருக்குத் திரும்புகிற பஸ் ஹாரன் அடித்தது. பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"எப்பங்கறாரு உங்கூட்டுக்காரரு?"

"தை பொறந்ததும்ங்கறாருங்க."

அம்மா கையை எடுத்தாள். "டம்ளரே குடுத்துருங்க" என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டில் இல்லாத டம்ளரா, மூன்று வருஷம் இதற்காகவா காத்தேன், குக்கர் இல்லையென்றால் கடிகாரமாவது எடுங்கள் என்று கடைக்குள்ளேயே கத்தினேன். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது. கையில் ஒரு பென்சிலைத் திணித்தாள். பக்கத்துப் பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்களாம், காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அம்மாவுக்குப் படிப்பு இல்லை. சித்தியால் பென்சில் பிடிக்க முடியாது.

"ஆறுல எம்பேரு, ஆறுல அவ பேரு. நல்லா எழுது சாமி."

கோபத்திலும் என் கையெழுத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவின் மூன்றெழுத்துப் பேரையும் சித்தியின் ஐந்தெழுத்துப் பேரையும் குண்டு குண்டாக எழுதினேன். ஹாரன் அடித்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காகப் பனியில் நின்றபோது அவர்கள் இருவரும் பொட்டலத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றை ஆளே தூக்கக்கூடிய கனம்தான்.

டம்ளர்களைப் பார்த்த பிறகு அப்பாவோ சித்தப்பாவோ யாரிடமும் எதையும் சொல்லச் சொல்லி அன்று என்னைக் கேட்கவில்லை.

தை பிறந்ததும் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் பாகம் பிரிக்க வந்து உட்கார்ந்தார்கள். காப்பிக் கொல்லையில் பாறையை ஒட்டி எல்லை போட்டார்கள். பெரிய அண்டாவுக்கு அரைமணி நேரம் சண்டை நடந்தது. ஆட்டுக்கல்லுக்கு அதைவிட அதிகம். டம்ளர்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வாரமே வீட்டுக்கு நடுவில் மண்சுவர் ஏறியது. சித்தி அந்தப் பக்கத்தில் புது அடுப்புப் போட்டாள்.

மறுநாள் காலை அம்மா காப்பி கொடுத்தபோது டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்தெழுத்து. மற்ற ஐந்தையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சித்தி பேர். டம்ளரோடு சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். சித்தி அம்மா பேர் வெட்டிய டம்ளரில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, மாத்தி எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க. இது எங்கம்மா பேரு."

"அப்பிடியா கண்ணு? இருக்கட்டும்."

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளும் "இருக்கட்டும்" என்றாள். அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாது. எட்டாவது வரை படித்த சித்தி எப்படிக் கவனிக்காமல் விட்டாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. இரண்டு பேரும் காப்பிக் கொல்லைக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், நானே ஆறையும் ஆறையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, ஒரு தப்பைத் திருத்திய நிம்மதியோடு பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாம் பழையபடி இருந்தன.