நாகவேணி திரும்பப் பெற்ற எச்சரிக்கை

ஷிப்ட் முடிந்து நம் ஓசூர் தொழிற்சாலை வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது நாகவேணியின் கணவர் கூப்பிட்டார். "நாகு போயிட்டா சார்" என்றார். "சரிங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் நாகவேணி என் பக்கத்து மேசைக்காரர். உங்களில் பலருக்கு அந்த நாகவேணியைத்தான் தெரியும். விடுமுறை நாட்களில் அவர் வேறு ஆள். கல்லாவியில் தன் குடும்பக் கொல்லையின் ஓரத்தில், பல ஊர்களில் நிலையம் அமைக்க ஓர் ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த காந்தமானிகளில் ஒன்றைப் புதைத்து வைத்திருந்தார். சூரியனிலிருந்து வீசும் துகள்கள் மோதும்போது பூமியின் காந்தப்புலம் மெல்ல அதிரும். அந்த அதிர்வை உடனுக்குடன் பிடித்தால், விண்வெளியில் கொந்தளிப்பு என்று மற்றவர்களுக்குச் சொல்லலாம். பிடிக்கும் கணினி நிரலை இருவரும் சேர்ந்து எழுதினோம். இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்ட மாமியாரிடம், "நம்ம கொல்லைக்கு சூரியன் சேதி அனுப்புதுன்னா, என்னான்னு கேக்க வேணாங்களா?" என்றாராம்.

முதல் சில மாதங்கள் சோதனைக் காலம். பொய் எச்சரிக்கை கொடுத்தால் கருவி திரும்பிப் போய்விடும். ஒரு ஞாயிறு மதியம் திரையில் அழகான அலை, முப்பது விநாடிக்கு ஒருமுறை. எச்சரிக்கை பறந்தது. மற்ற எந்த நிலையத்திலும் அந்த அலை இல்லை. அது கல்லாவிக்கே உரிய அதிசயம் என்று நான் வாதாடினேன். நாகவேணி வரைபடத்தையும் காலண்டரையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தார். அதே அலை சிறியதாக முன்பும் வந்திருந்தது, நான் போன நாட்களில் மட்டும்.

"ஷூவக் கழட்டிட்டு நடங்க" என்றார்.

வெறுங்காலில் நடந்தேன். கோடு அசையவில்லை. ஷூவைப் போட்டு நடந்தேன். சூரியனே கொல்லையில் இறங்கியதுபோல் அலை எழுந்தது. இரவு ஷிப்ட் முடித்துத் தொழிற்சாலையிலிருந்து நேராக வரும் எனக்கு, விரல் நுனியில் இரும்பு வைத்த பாதுகாப்பு ஷூ காலில் இருப்பதே நினைவிருக்காது. போன் பேசினால் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற வியாதியும் உண்டு. போய்த் திரும்ப முப்பது விநாடி. நாகவேணி சிரிப்பு தாங்காமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

கல்லாவி அதிசயம் என்றே விட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது, கருவியாவது தப்பும் என்று கெஞ்சினேன். சிரிப்பு நின்றது.

"இத மறச்சா, நாளைக்கு நெசமாவே வந்தாலும் நானே நம்ப மாட்டேங்க."

அன்றே எல்லா நிலையங்களுக்கும் எழுதிவிட்டார். பதினைந்து நாள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. சோதனையை முதலிலிருந்து தொடங்கும்படி பதில் வந்தது.

உண்மையான அதிர்வு வந்தபோது அவர் பெங்களூரு மருத்துவமனையில் இருந்தார். வரைபடத்தை அனுப்பினேன். மற்ற நிலையங்களில் என்ன என்று கேட்டார். எல்லாவற்றிலும் அதே அலை என்றேன். "அப்ப நெசந்தான்" என்றார்.

நிலையம் ஏற்கப்பட்ட கடிதத்தை அவர் வீட்டில் கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டிருப்பது எச்சரிக்கையைத் திரும்பப் பெற்று அவர் அன்று அனுப்பிய மின்னஞ்சலை. "எங்கள் எச்சரிக்கை தவறு. காரணம், கருவியருகே நடந்த இரும்புக் காலணி. இந்த நிலையத்துக்கு நான் பொறுப்பு. மன்னிக்கவும். நாகவேணி."

நடந்தவன் நான். அவசரப்பட்டு எச்சரிக்கையை அனுப்பியவனும் நான். என் பெயர் அதில் எங்கும் இல்லை.