வெற்றிலை போடாத வாய்

டாக்டரையா, நீங்கள் என் தங்கச்சியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவே இல்லை. எட்ட நின்றபடியே வெற்றிலை என்று சொல்லிவிட்டீர்கள்.

எழுபதுகளின் கடைசியில், ஹாலிஎலக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நீங்கள் அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். நாங்கள் டாக்டரையா என்றுதான் கூப்பிடுவோம். தங்கச்சிக்கு இருபத்திரண்டு வயது. ஒரு மாதமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஈறு வீங்கிப் பல்லை மூடியிருந்தது. வாயோரம் எப்போதும் சிவப்பு. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக உங்களிடம் துண்டுச்சீட்டு கேட்டு நின்றோம்.

"வெத்தலய கொறச்சா சரியாப் போகும். வேலக்கள்ளிக்கெல்லாம் துண்டு குடுக்க முடியாது" என்றீர்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

லயத்து வீட்டுக்கு வந்ததும் அவளுடைய வெற்றிலைப் பையைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன்.

"எரிச்சுக்கக்கா. அதுல காஞ்ச பாக்குதான் கெடக்கு. நான் வெத்தல போட்டு பத்து நாளாச்சு" என்றாள்.

நான் நம்பவில்லை. மறுநாளும் வேலைக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் மலையில் கொழுந்தின் மேல் சிவப்பாகச் சொட்டியது. "கொழுந்துல துப்பாதே புள்ள" என்று கணக்கப்பிள்ளை கத்தினார். அவள் துப்பவில்லை. ஈறிலிருந்து வழிந்த ரத்தம் அது. அப்படியே சரிந்து விழுந்தாள். லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனோம்.

அங்கிருந்த டாக்டர் முதலில் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். பிறகு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்தார். ரத்தப் புற்றுநோய் என்றார். அதில் பல வகை உண்டாம். ரத்த அணுவின் உருவத்தையும் சாயம் பிடிக்கும் விதத்தையும் வைத்து வகை பிரிப்பார்களாம். ஒரு வகை அணு ஈறில் போய் அடைந்து அதை வீங்க வைக்குமாம். இவளுடைய ரத்தத்தில் அதோடு இன்னொரு வகையின் குணமும் கலந்திருந்தது. எந்த வகையில் சேர்ப்பது என்று கேட்டுக் கண்ணாடித் துண்டைக் கொழும்புக்கு அனுப்பினார். இரண்டும் கலந்த அபூர்வ வகை என்று பதில் வந்தபோது அவளைப் புதைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

முன்னாலேயே வந்திருந்தாலும் பிழைப்பது கஷ்டம் என்று அந்த டாக்டர் சொன்னார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கடைசி மூன்று நாள் கூடை சுமந்திருக்க மாட்டாள்.

இன்றும் யாராவது வெற்றிலை வாயோடு சிரித்தால் நான் ஈறைத்தான் பார்க்கிறேன். அவள் சொன்னதை நம்பாதது என் குற்றம். அதை இந்தப் பத்திரிகையில் எல்லோருக்கும் தெரிய எழுதிவிட்டேன். நீங்கள் ஏன் வாயைத் திறந்து பார்க்கவில்லை? இதே பக்கத்தில் எழுதிப் பதில் சொல்லுங்கள் டாக்டரையா.