ஊசி ஏறாத பல்

கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, இடது கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்த பிறகும் பல் டாக்டரிடம் போக மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவள். நான் முறைத்தால் கடைசி பெஞ்சுகூட அடங்கும். ஆனால் பல் டாக்டரின் சாய்வு நாற்காலியை நினைத்தாலே எங்காவது ஓடி ஒளியத் தோன்றும்.

எல்லாம் கல்யாணமான புதிதில் நடந்த ஒரு கூத்தால் வந்தது. அப்போதும் ஒரு பல் இப்படித்தான் படுத்தியது. அன்று பார்த்த டாக்டர், வீங்கியிருந்த ஈறிலேயே மரத்துப்போகும் ஊசியைக் குத்தினார். கொஞ்ச நேரம் கழித்து இடுக்கியைப் போட்டு இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். "ஊசி போட்டாச்சும்மா, வலிக்காது. பயத்துல கத்தாதீங்க" என்று டாக்டர் அதட்டினார். பக்கத்தில் நின்ற என் கணவரும், "அதான் ஊசி போட்டாச்சுல்ல, கத்தாத மே" என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பாக்கெட் மட்டும் தனியாகக் கிழிந்து என் கையோடு வந்துவிட்டது.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். நாங்கள் குடியிருக்கும் மண்ணூர்பேட்டையில் அவரைப் போலக் கதை சொல்ல ஆள் கிடையாது. கல்யாணம், வளைகாப்பு, எந்த விசேஷமானாலும் இந்தக் கதை உண்டு. "பல்லு வர்றதுக்கு முன்னாடி என் பாக்கெட்டு வந்துட்ச்சு!" என்று முடிப்பார். கூட்டம் குலுங்கும். "ஊசி போட்டா எப்டிப்பா வலிக்கும்?" என்று யாராவது கேட்பார்கள். "பயம்தான், வேற இன்னா?" என்பார். நானும் கூடவே சிரித்து வைப்பேன், உள்ளுக்குள் எரியும். வருஷம் போகப் போக, ஒருவேளை பயம்தானோ, வலி நானாகக் கற்பனை செய்ததோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மற்றவர்கள் சிரித்ததைவிட இதில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

இந்த முறை காய்ச்சல் ஏறியதும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. வண்டியில் உட்கார வைத்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்விட்டார். டாக்டர் ஓர் இளம்பெண். நான் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஊசி ஏறாது. நான் கத்துவேன். பின்னாடி என்னைத் திட்டக் கூடாது."

"பாக்கெட்டு இல்லாத டி-ஷர்ட்டா பாத்து போட்டுக்கினு வந்துகீறேன் டாக்டர்" என்று சுவரோரம் நின்றபடி அவர் ஆரம்பித்து, மொத்தக் கதையையும் சொல்லி முடித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்பவும் வீங்கின இடத்துலயேவா ஊசி போட்டாங்க?" என்று என்னைத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன்.

"அப்ப ஏறியிருக்காது மேடம். சீழ் வச்ச இடம் ஆசிடா இருக்கும். மரத்துப்போக வைக்கிற இந்த மருந்து ஒரு அமீன். ஆசிட்ல மாட்டிக்கிச்சுன்னா நரம்புக்குள்ள போகாது."

அமீன்! நான் நாற்காலியில் துள்ளி எழுந்து உட்கார்ந்தேன். கழுத்தில் கட்டியிருந்த துண்டு கீழே விழுந்தது. அமீனில் உள்ள நைட்ரஜனிடம் ஒரு ஜோடி எலக்ட்ரான் யாரோடும் சேராமல் சும்மா இருக்கும். அமிலத்தைப் பார்த்தால் அந்த ஜோடியைக் கொண்டு ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அமீன் ஒரு காரம். வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பரீட்சையில் கேட்டு, மார்க் போட்டவள் நான். அந்தப் பாடம் என் வாய்க்குள்ளேயே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை!

பள்ளி ஆய்வகத்தில் அனிலின் என்ற அமீனைத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மாதிரி ஒதுங்கி நிற்கும். அமிலம் சேர்த்தால் உப்பாகி, கரைந்து காணாமல் போகும். காரக் கரைசலை ஊற்றினால் மறுபடி எண்ணெய்த் துளிகளாகப் பிரிந்து வரும். ஊசி மருந்தும் இதே ஜாதிதான். குப்பியில் உப்பாகக் கரைந்திருக்கிறது. உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பங்கு புரோட்டானை உதறிவிட்டு வெறும் அமீனாகும். நரம்பின் உறை கொழுப்பால் ஆனது. அதற்குள் வெறும் அமீன் நுழையும், உப்பு நுழையாது. சீழ் இருக்கும் இடத்தில் அமிலம் மருந்தை உப்பாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து வெளியே நிற்க, உள்ளே நரம்பு முழு விழிப்போடு இருக்கும்.

"அப்போ மருந்துல கொஞ்சம் பைகார்பனேட் சேர்த்து ஆசிடக் குறைச்சா?" என்று வீங்கிய வாயோடு கேட்டேன்.

"சேர்க்கத்தான் போறேன். ஊசியும் வீக்கத்துல இல்ல, தாடைக்குப் பின்னாடி நல்லா இருக்கிற இடத்துல போடுவேன்."

"சீக்கிரம் போடுங்க டாக்டர்!" என்றேன். என் வாழ்க்கையில் நானாக ஓர் ஊசியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

உதடு மரத்தது, பிறகு நாக்கில் பாதி, பிறகு தாடை. டாக்டர் பல்லைத் தட்டினார். சத்தம் கேட்டது, வலி இல்லை. இடுக்கி இழுப்பது தெரிந்தது, வலி இல்லை. தட்டில் பல் விழுந்த சத்தம் கேட்டபோது எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

கீழே வண்டியிடம் வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, எச்சில் வழிய வழிய, அமீன், உப்பு, புரோட்டான், நரம்பு என்று அவருக்கு முழுப் பாடமும் எடுத்தேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"இரு மே. அப்ப அன்னிக்கி உனுக்கு நெசமாவே வலிச்சுதா?"

அத்தனை நேரம் குதித்துக்கொண்டிருந்தவள் நான். தலையை மட்டும் ஆட்டினேன், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் ரொம்ப நேரம் வண்டியைக் கிளப்பவில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பட்டாபிராமில் அவர் தங்கை வீட்டில் காதுகுத்து. சாப்பிட்டு முடித்ததும் தங்கை புருஷன் வழக்கம்போல, "மச்சான், அந்தப் பாக்கெட்டு மேட்டர எடுத்து வுடு" என்றார். எல்லோரும் சிரிக்கத் தயாராகத் திரும்பினார்கள். நானும் என் வழக்கமான சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அது காமெடி இல்ல மாமே" என்றார் அவர். "அன்னிக்கி ஊசி ஏறவே இல்ல. உயிரோட பல்ல புடுங்கிகீறாங்க. நானும் பக்கத்துல நின்னுகினு கத்தாதன்னு அதட்டிகீறேன்."

சிரிக்கத் திரும்பியவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு தங்கை புருஷன்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஊசி போட்டும் எப்டி ஏறாம போவும்?"

"டீச்சரு குந்திகினு கீது பாரு, அத்தக் கேளு" என்று என் பக்கம் கையைக் காட்டினார். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நைட்ரஜனிலிருந்து ஆரம்பித்தேன்.