சுபாஷ்னி கைச் சாவி

ஓடிப்போகிறவள் தையல் மெஷினையா தூக்கிக்கொண்டு போவாள்? ஃபூல்மதி அதை முதலில் யோசித்துப் பார்க்கட்டும், பிறகு வாயைத் திறக்கட்டும். மார்க்கெட் வாசலில் கத்திரிக்காயைக் குவியல் குவியலாக அடுக்கிவைத்துவிட்டு நாள் முழுக்க எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதனால் இந்தத் தீவின் பா நகரத்தில் யார் யாரோடு போனார்கள் என்று எழுதிக்கொடுக்கும் அதிகாரமும் கிடைத்துவிட்டதாக நினைக்கிறாள்.

"சும்மாவா வந்தான் அந்த இசிகேலி? ஒரு சர்ச் மண்டபத்துக்கு எத்தனை சாவிதான் வேணும்? வரும்போதெல்லாம் கையில மரவள்ளியோ கீரையோ வேற!" என்கிறாள் ஃபூல்மதி.

வந்தான். கீரையும் கொண்டுவந்தான். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அவன் எதற்காகத் திரும்பத் திரும்ப வந்தான் என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த ஆள் இசிகேலி அல்ல. சுபாஷ்னியும் அல்ல. அவளுடைய புருஷன் பிசுன். பின்னாளில் அவனே தன் வாயால் சொன்ன சங்கதி இது. எனவே யாரும் மறுக்க வேண்டாம்.

சுபாஷ்னி கொரோனுபு கிராமத்தில் கரும்புத் தோட்டக்காரனுக்குப் பிறந்தவள். அவள் அம்மாவிடம் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. நூல் அறுந்தால் அக்காமார் மெஷினைத் திட்டுவார்கள். இவள் அடித்தட்டைத் திறந்து பஞ்சை ஊதிவிட்டு, திருகாணியை நகத்தால் மயிரிழை அளவு திருப்பி, மறுபடியும் சுற்றிப் பார்ப்பாள். கல்யாணமாகி பிசுன் வீட்டுக்கு வந்தபோது அந்த மெஷினும் கூடவே வந்தது. பிசுனின் கடை பஸ் நிலையத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில், முன்னால் கடை, பின்னால் வீடு. ஒரு மகள் பிறந்து வளர்ந்து லௌடோக்கா பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அத்தனை வருஷமும் சுபாஷ்னி பின்கட்டில் தைத்துக்கொண்டிருந்தாள், பிசுன் முன்கட்டில் சாவி வெட்டிக்கொண்டிருந்தான்.

ஊரில் அவனுக்குப் பெயரே சாவிக்கார பிசுன்தான். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் "என்ன சாவிக்காரரே!" என்று கூப்பிடும்போது அவன் தோள் ஒரு விரற்கடை உயரும். சாவி மெஷின் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிடிகள். ஒன்றில் பழைய சாவி, இன்னொன்றில் பல் வெட்டாத வெறும் சாவி. பழைய சாவியின் பல்லை ஓர் இரும்பு முனை தடவிக்கொண்டே போகும், அதை அவர்கள் விரல் என்பார்கள். விரல் ஏறி இறங்குகிறபடியே அந்தப் பக்கம் சக்கரம் வெறும் சாவியை வெட்டும். விரலும் சக்கரமும் ஒரே கோட்டில் நின்றால் பூட்டு திறக்கும். விரலைப் பிடித்திருக்கும் திருகாணி கொஞ்சம் நகர்ந்தால்கூட வெட்டு ஆழம் போதாமல் போகும். சாவி உள்ளே நுழையும், ஆனால் திரும்பாது.

பிசுன் கண்ணாடி போடாமல் வெட்டுகிறவன். "கண்ணாடி போட்டா முகம் தெரியாது, ஜனங்க யாருன்னு நினைப்பாங்க?" என்பான். ஒருநாள் பித்தளைச் சிம்பு கண்ணில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, வேலை கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கடை மூடிக்கிடந்தால் சாப்பாடு எங்கிருந்து வரும்? சுபாஷ்னி கதவைத் திறந்தாள்.

திறந்தவள் முதலில் சாவி வெட்டவில்லை. துடைத்தாள். பிடிகளின் இடுக்கில் வருஷக்கணக்கான பித்தளைத் தூள் இறுகிக் கிடந்தது. அதன்மேல் பிசுன் எண்ணெய் விட்டு விட்டு களிம்பாகவே ஆக்கி வைத்திருந்தான். அடியில் தூள் இருந்தால் சாவி சாய்ந்து உட்காரும், சாய்ந்த சாவிக்குச் சாய்ந்த நகல்தான் வரும். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாள். மழுங்கிய சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பெட்டியிலேயே கிடந்த புதுச் சக்கரத்தை மாட்டினாள். பிறகு இரண்டு பிடியிலும் ஒரே மாதிரி வெறும் சாவிகளை வைத்து, மின்சாரம் போடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். விரல் இந்தச் சாவியைத் தொடும் அதே நேரத்தில் சக்கரம் அந்தச் சாவியை உரசியும் உரசாமலும் போகவேண்டும். அப்படிப் போகும்வரை திருகாணியைத் திருப்பினாள்.

இசிகேலி வந்தது அந்த நாட்களில்தான். பள்ளிக்கூடத்தில் புல் வெட்டுகிற வேலை, மாலையில் சர்ச் மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. மனைவியை இழந்தவன், ஆள் கதவை அடைக்கும் அளவு. முன்பு பிசுன் வெட்டிக்கொடுத்த மண்டபச் சாவி வேலைக்கு ஆகாமல் அவன் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எந்தச் சாவியப் பாத்து வெட்டுனது அண்ணா?" என்று கேட்டாள் சுபாஷ்னி.

"நான் தினம் போடுற சாவிதான் அண்ணி. இதோ."

அவள் கைவிரல் நுனியால் பல்லைத் தடவினாள். "இது தேஞ்சு போயிருக்கு. தேஞ்சதப் பாத்து வெட்டுனா தேய்மானமும் சேந்துதான் வரும். யாராவது ஒரு சாவிய வாங்கி வச்சுட்டு உபயோகிக்காம இருப்பாங்களே?"

"பாதிரியார் வீட்டம்மா! அவங்க கையில குடுத்த எதையும் அலமாரியில வச்சுப் பூட்டிருவாங்க. என்னயே ஒருதடவை பூட்டப் பாத்தாங்க."

அலமாரிச் சாவி வந்தது. அதைப் பார்த்து வெட்டியது முதல் திருப்பிலேயே திறந்தது. அன்றிலிருந்து இசிகேலி போகிற இடமெல்லாம் பாட்டுப்போல அதையே சொன்னான்: சாவி என்றால் சுபாஷ்னி கைச் சாவி.

கண் ஆறி பிசுன் கடைக்குத் திரும்பியபோது, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு லாரிக்காரன் கேட்ட முதல் கேள்வி: "அம்மா இல்லையா?"

"நான் இருக்கேனே."

"பரவால்ல. அவங்க வரட்டும், டீ குடிச்சுட்டு வர்றேன்."

கேட்டவன் டீ குடிக்கப் போய்விட்டான். பிசுனுக்கு உள்ளே ஏதோ கொதிக்கத் தொடங்கியது. சாயங்காலம் கவா என்கிற வேர்ச்சாறு குடிக்கும் கூட்டத்தில் அது இன்னும் சூடேறியது. மரச்சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் தேங்காய்ச் சிரட்டையை நீட்டிக்கொண்டே கேட்டான்:

"பிசுன் அண்ணே, நாளைக்குக் கடையில யாரு, நீயா, அண்ணியா?"

"ஏன்டா?"

"நீன்னா நாளன்னிக்கு வர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பிசுனும் சிரித்தான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பின்கட்டில் அவள் எண்ணெயில் சீரகத்தைப் பொரியவிட்டு, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷமாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தோற்றுப்போனவனுக்கு எதிராக ஒருத்தி ஜெயித்திருந்தால் அவள் முகத்தில் கர்வமாவது இருக்கவேண்டும். இவளுக்கோ ஜெயித்ததே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் ரொட்டி சுட உள்ளே போனாள். பிசுன் திருப்புளியை எடுத்து மெஷின் விரலின் திருகாணியைக் கால் சுற்று திருப்பினான்.

அன்று பிற்பகல் அவள் வெட்டிய சாவிகள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. பிசுன் அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்துச் சரிசெய்து கொடுத்தான். "அவ கைக்கு இன்னும் பழகலப்பா" என்று எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னான். மனசு குளிர்ந்தது. காலையில் அவள் மெஷினைச் சரிபார்ப்பாள், அப்போது வெட்டியவை திறக்கும். மத்தியானம் அவள் உள்ளே போனதும் இவன் திருப்புவான். "காலையில நல்லாருக்கு, மத்தியானம் கெட்டுப்போவுது. மெஷினுக்கு என் ரொட்டி ஒத்துக்கலையோ என்னவோ" என்று அவள் சிரித்துக்கொண்டே கவலைப்பட்டாள்.

ஆனால் ஒன்றை பிசுன் யோசிக்கவில்லை. இசிகேலி புல் வெட்டி முடித்து வருவது எப்போதும் பிற்பகலில்தான். பாட்டுக் குழுவுக்கு ஒரு சாவி, மாதர் சங்கத்துக்கு ஒன்று, இளைஞர்களுக்கு ஒன்று. எதுவும் பூட்டுக்குள் திரும்பவில்லை. எனவே அவன் மறுபடியும் வந்தான்.

"அண்ணி, உள்ள ஏறுது, அப்புறம் அசைய மாட்டேங்குது. பிரசங்க மேடை ஏறுன எங்க பாதிரியார் மாதிரி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"குடு, நான் அரம் போட்டுத் தர்றேன்" என்று பிசுன் கையை நீட்டினான்.

"வேணாம் அண்ணே. நீங்க போட்டது ஒண்ணு கழுத்துல தொங்குது, அது போதும். அண்ணியே புதுசா வெட்டட்டும்."

மறுபடியும் வந்தான். மறுபடியும் சிரிக்கவைத்தான். சும்மா தொந்தரவு கொடுக்கிறோமே என்று கீரைக்கட்டு கொண்டுவந்தான். ஒவ்வொரு தடவையும் அவனைக் கூப்பிட்டு வந்தது தன் திருப்புளிதான் என்று பிசுனுக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. அவள் சிரிக்கும்போது எரிந்தது, சிரிக்காமல் அவன் போன வழியைப் பார்த்தால் இன்னும் எரிந்தது. எரிய எரிய இன்னும் கொஞ்சம் திருப்பினான். மடத்தனம்தான். பொறாமைக்காரன் தன் காரியத்தைத் தானே எண்ணிப் பார்ப்பானா என்ன?

தீபாவளி வந்தது. வழக்கம்போல மெஷினுக்குப் பூசை போட்டு, நெற்றியில் வைப்பதுபோல அதன் முகப்பில் பிசுன் சிந்தூரம் வைத்தான். இரண்டொரு நாள் கழித்து, திருகாணி அதிர்வில் தானாகத் தளர்கிறதோ என்று சந்தேகப்பட்ட சுபாஷ்னி, மகள் விட்டுப்போன சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, திருகாணித் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மெல்லிய கோடாக இழுத்து உலரவிட்டாள். காய்ந்த பாலிஷ் பிடித்துக்கொண்டால் அதிர்வுக்குத் திருகாணி அசையாது. யாராவது திருப்பினால்தான் கோடு உடையும். பிசுன் அந்தச் சிவப்பைப் பார்த்தான். தீபாவளிச் சிந்தூரம் வழிந்திருக்கிறது என்று நினைத்தான். மத்தியானம் வந்தது, திருப்பினான்.

அன்று நல்ல மழை. சர்க்கரை ஆலைக் கரி மழையோடு சேர்ந்து கூரையெல்லாம் கறுப்பாக வழிந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்கு வந்த பெண்களும் பிள்ளைகளும் மண்டபத்து வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். இசிகேலி ஓடிவந்தான், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. இந்தத் தடவை நகைச்சுவை இல்லை.

"அண்ணி, புள்ளைங்க நனையுது. பழைய சாவி முன்வாசல் பூட்டுக்குள்ளயே முறிஞ்சுபோச்சு, பின்வாசல் பூட்டுக்கு இப்ப வாங்கிட்டுப் போனதும் திரும்பல."

சுபாஷ்னி எழுந்திருப்பதற்குள் பிசுன் கல்லாவை அறைந்தான்.

"உனக்குச் சாவிதான் வேணுமா, இல்ல வேற எதுவுமா? தினம் வர்ற, பல்லக் காட்டுற, கீரை குடுக்குற. நான் ஒருத்தன் இங்க உக்காந்திருக்கேன்ல? ஊரே சிரிக்குதுடா!"

ஊர் அதுவரை சிரிக்கவில்லை. எதிரே கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஃபூல்மதி அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் இன்றைக்குச் சொல்லிக்கொண்டு திரிகிற கதைக்கு விதை போட்டவன் சாட்சாத் புருஷன்தான்.

இசிகேலி ஓரடி பின்வாங்கி மழையில் நின்றான். சுபாஷ்னி யாரையும் பார்க்கவில்லை. இரண்டு வெறும் சாவிகளை எடுத்துப் பிடிகளில் வைத்தாள். சக்கரத்தைக் கையால் சுற்றினாள். விரல் தொட்டது, சக்கரம் தொடவில்லை. நடுவே வெளிச்சம் தெரிந்தது. டார்ச்சை எடுத்துத் திருகாணியின்மேல் அடித்தாள். சிவப்புக் கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி ஒரு பக்கமும் மறுபாதி வேறு பக்கமும் நின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பதை பிசுன் பார்த்தான். அது சிந்தூரம் அல்ல என்று அப்போது அவனுக்குப் புரிந்தது.

இப்போது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சாவிக்கார பிசுனின் மானம் மார்க்கெட் வாசலில் கத்திரிக்காயோடு கிடந்திருக்கும். அவள் சொன்னது இதுதான்:

"மெஷின்ல கோளாறு அண்ணா. ஒரு நிமிஷம் இருங்க."

திருகாணியைச் சரிசெய்தாள், வெட்டினாள், கம்பிப் பிரஷ்ஷில் பிசிறு எடுத்து, துடைத்துக் கொடுத்தாள். "போய்த் திறங்க." கொஞ்ச நேரத்தில் மழைச்சத்தத்துக்கு மேலே மண்டபத்திலிருந்து பாட்டு கேட்டது.

கடையை அடைத்த பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"என் கை சரியில்லன்னு ஊருக்குச் சொன்னீங்க. அதப் பொறுத்துக்குவேன். ஆனா அவர் எதுக்கு வர்றார்னு உங்களுக்குத் தெரியும். எனக்கே தெரியாது, உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கேட்டீங்களே?"

"பொறாமை சுபாஷ்னி. வேற என்ன சொல்ல? ஜனங்க உன் பேரக் கேக்குறாங்க. அவன் ஒண்ணு சொன்னா நீ சிரிக்கிற. நான் சொல்லி நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"நீங்க சொல்லி எவ்வளவு நாளாச்சு?"

பிசுன் கல்லாவை இழுத்துச் சில்லறையை எண்ணத் தொடங்கினான். "நாளைக்கு மகள் வீட்டுக்குப் போறேன்" என்றாள். பிசுன் அதை நம்பவில்லை.

விடிந்ததும் அவள் சாவி மெஷினைத் துடைத்தாள். இரண்டு வெறும் சாவி வைத்துச் சுற்றிப் பார்த்து, திருகாணியை இறுக்கினாள். நெயில் பாலிஷ் சீசாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு கோடு போடாமலே பையில் போட்டுக்கொண்டாள். தையல் மெஷினைப் பெட்டியோடு இழுத்துவந்து முன்கட்டில் வைத்தாள்.

"இத பஸ் வரைக்கும் தூக்கிட்டு வர்றீங்களா?"

பிசுன் அசையவில்லை. தான் தூக்காவிட்டால் அவள் போகமாட்டாள் என்று கணக்குப் போட்டான். அவள் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள், இறக்கிவைத்தாள், மறுபடியும் தூக்கினாள். பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த இசிகேலி வாசலில் நின்றான். முந்தின நாள் வாங்கிய பேச்சுக்கு அவன் பாராமுகமாய்ப் போயிருக்கலாம். உள்ளே வராமல் நிலைக்கு வெளியே நின்றபடியே கேட்டான்:

"அண்ணே, கனமா இருக்கு. நீங்க தூக்குறீங்களா, நான் தூக்கட்டுமா?"

பிசுன் வேண்டாமென்றும் சொல்லவில்லை, நானே என்றும் சொல்லவில்லை. இசிகேலி எட்டிப் பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து முன்னால் நடந்தான். ஃபூல்மதி பார்த்தது இதைத்தான், அவன் பிசுனிடம் கேட்டதை அல்ல.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, சுபாஷ்னி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.